வீட்டுக்கு வந்து ஜெபிக்கிற குழு: கிருஷ்ணகிரியில் எங்கள் அனுபவம்

ஹோட்டலுக்கும் மிக்சிக்கும் எழுதுகிற மாதிரி ஜெபத்துக்குப் போய் விமர்சனம் எழுதலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஜெபத்துக்கு மதிப்பெண் போட நான் யார்? நான் எழுதுவது ஜெபிக்க வருகிற ஆட்களைப் பற்றி. வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கும்போது யாரைக் கதவு திறந்து உள்ளே விடுகிறோம் என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த நேரத்தில் நாம் பயந்து போயிருப்போம், யார் என்ன சொன்னாலும் கேட்போம், யார் எவ்வளவு கேட்டாலும் கொடுப்போம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் இருக்கிற யாருக்காவது இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவுக்குப் பெயர் கிடையாது, பேனர் கிடையாது, யூடியூப் சேனல் கிடையாது. நாலைந்து சபைகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து செய்கிறார்கள். ரிட்டயரான வாத்தியார் ஒருவர், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, மாங்கூழ் பாக்டரியில் வேலை பார்க்கிற ஒரு அக்கா, இப்படி. எழுதப்போகிறேன் என்றதும், எங்கள் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் போட்டுவிடாதேம்மா என்று வாத்தியார் கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை.

எங்கள் நிலைமை என்னவென்றால், அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அம்மாவுக்குப் புரிகிறது, பதில்தான் வாயில் வருவதில்லை, அந்தத் தவிப்பு கண்ணில் தெரியும். கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், கீர்த்தனையை முதலில் எடுத்துக் கொடுக்கிற குரல் அம்மாவுடையது. அந்தக் குரல் நின்றுபோனதில் எங்கள் எல்லோரையும்விட அதிகமாக உடைந்தது என் தம்பி. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை அவனுக்கு. "ஆயுசு பூரா ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணாங்க, அவங்களுக்குக் கிடைச்சது இதுதானாக்கா?" என்று கேட்டுவிட்டு அன்றிலிருந்து கோயில் பக்கமே வருவதில்லை. ஆக, எங்கள் வீட்டில் ஜெபம் தேவைப்பட்டது கட்டிலில் இருந்தவருக்கு மட்டும் இல்லை.

இந்தக் குழுவிடம் வருவதற்கு முன்னால் வேறு ஒரு ஊழியத்தின் ஜெப லைனுக்குப் போன் போட்டிருந்தோம். வெளியூர்க்காரர்கள், பெயர் வேண்டாம். எடுத்ததும் ரெக்கார்டிங் பேசும், வியாதிக்கு ஒரு நம்பர், கடனுக்கு ஒரு நம்பர், கல்யாணத் தடைக்கு ஒரு நம்பர் அழுத்தச் சொல்லும். அப்புறம் பேசிய பையன் அம்மா பெயரைக் கேட்டான், எங்கள் பரம்பரையில் ஏதோ சாபம் இருக்கிறது என்றான், அந்தச் சாபம் உடைவதற்கு விதைக் காணிக்கை, அதாவது விதை போட்டால் விளைவது போலப் பலன் வரும் என்று முன்கூட்டியே கொடுக்கிற பணம், அனுப்பச் சொன்னான். போனை வைப்பதற்குள் கியூஆர் கோடு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மறுநாளும் போன், அதற்கு மறுநாளும் போன். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, பணம் போட்டாச்சா என்பது ஒன்றுதான் கேள்வி. பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு என்ன சொன்னார்? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." யோவான் ஒன்பதாம் அதிகாரம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த வசனம் இது. படுத்துக் கிடக்கிற ஒரு அம்மாவைப் பற்றிச் சாபம் என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ, எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, இவர்களுக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் ஒரு பாட்டி சொல்லித்தான் கூப்பிட்டேன். போனில் அந்த நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வியே, "அம்மா எந்த நேரத்துல அசதியில்லாம இருப்பாங்க?" என்பதுதான். சாயங்காலம் கஞ்சி குடித்த பிறகு என்றேன், அந்த நேரத்துக்கே வருகிறோம் என்றார்கள். மூன்று பேருக்கு மேல் வருவதில்லை, அதில் கட்டாயம் ஒரு பெண் இருப்பார். வந்ததும் செருப்பை விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் அம்மா இருக்கிற அறைக்குள் போனார்கள். ஸ்பீக்கர், கீபோர்டு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்குக்கூடச் சத்தம் கேட்டிருக்காது.

அதன்பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். வாத்தியார் நேராகக் கையைத் தூக்கி அம்மா தலையில் வைக்கவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அம்மா கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா? வேணும்னா இந்தக் கையால என் கையைப் பிடிங்க, வேண்டாம்னா விட்டுடுங்க, நாங்க தப்பா நினைக்க மாட்டோம்" என்று தன் கையை அம்மாவின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார்கள். அப்புறம் அந்தக் கையைப் பிடித்தார்கள், கெட்டியாக. வியாதி வந்த நாளிலிருந்து ஊசி போடுகிறவர்கள், ஸ்கேன் எடுக்கிறவர்கள், புரட்டிப் போடுகிறவர்கள், நாங்கள் உட்பட, யாரும் அம்மாவிடம் சம்மதம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

வாசித்தது மாற்கு இரண்டாம் அதிகாரம். திமிர்வாதக்காரனை, அதாவது உடம்பு முடங்கிப்போன ஒருவனை, நாலு பேர் சுமந்துகொண்டு வந்து, கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிற கதை. எத்தனையோ தடவை பிரசங்கத்தில் கேட்ட கதைதான். ஆனால் வாத்தியார் ஒன்றைக் காட்டினார். அந்தப் பகுதி முழுக்கப் படுக்கையில் கிடப்பவன் ஒரு வார்த்தை பேசியதாக எழுதியிருக்கவில்லை. "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது. பேச முடியாதவனுக்காக வீட்டுக்காரர்களும் சிநேகிதர்களும் தோள் கொடுக்கலாம், அதை ஆண்டவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார், அதனால் அம்மாவுக்கு இப்போது ஜெபிக்க வார்த்தை வரவில்லையே என்று அழாதீர்கள் என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர்தான் முதலில் அழுதார்.

ஜெபம் பத்து நிமிஷம்கூட இருக்காது. குணமாக்கும் என்று கேட்டார்கள், அதில் தயக்கமே இல்லை. ஆனால் இத்தனை நாளில் எழுந்து நடப்பார்கள் என்று ஆரூடம் சொல்லவில்லை. டாக்டர், பிசியோதெரபிஸ்ட் பெயரையெல்லாம் எங்களிடம் கேட்டு, அவர்களுக்காகவும் ஜெபித்தார்கள். முடித்ததும் நர்ஸம்மா பிபி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்து, எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று கேட்டுச் சரிபார்த்தார்கள். ஜெபம் பண்ணியாச்சு என்று ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். இனி யாருக்காவது முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தூக்க வராவிட்டாலோ முதல் வேலையாக 108க்குப் போன், ஜெபத்தை ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டு பண்ணுங்கள், ரத்தக்கட்டு கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். இதையும் ஜெப ஊழியத்தில் ஒரு பகுதியாகத்தான் அவர்கள் நினைக்கிறார்கள்.

தம்பிக்காக ஜெபித்த விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தம்பிக்காக என்ன கேட்கணும் என்று அந்தப் பாக்டரி அக்கா கேட்டார். மனந்திரும்பணும், கோயிலுக்கு வரணும் என்றேன். "அது சரிம்மா. இப்ப அவருக்கு எதுல கஷ்டம்?" என்றார். யோசித்துப் பார்த்தால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நைட் ஷிஃப்ட் என்று தெரியும், தூக்கம் இல்லை என்று தெரியும், அதற்கு மேல் பேசுவதே இல்லை, பேசினால் சண்டையில் முடியும். "அப்ப இன்னிக்கு நைட் ஷிஃப்டுக்காகக் கேப்போம். நீங்க போன் பண்ணா கோயிலைப் பத்திப் பேசாதீங்க, சாப்பிட்டியான்னு கேளுங்க. அவர் என்ன கஷ்டம்னு சொல்றாரோ அதுக்கு ஜெபம் பண்ணுங்க." அவ்வளவுதான் சொன்னார். தம்பி பெயரையும் பக்கத்தில் "ராத்திரி வேலை, தூக்கம்" என்றும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, பிரிட்ஜ் மேல் ஒட்டாதீர்கள், அவர் வந்தால் பார்த்துச் சங்கடப்படுவார், உங்கள் பைபிளுக்குள் வையுங்கள் என்று கொடுத்தார்.

அந்த அட்டையில் இப்போது நிறைய எழுதியிருக்கிறது. வாடகை ஏறியது, முதுகு வலி, சூப்பர்வைசரோடு மனஸ்தாபம், குழந்தைக்கு ஸ்கூல் சீட். ஒவ்வொன்றும் அவனே சொன்னது. என்னைக் கேட்டால், இந்தக் குழு எங்களுக்குச் செய்த உதவியில் பெரியது இதுதான். ஒருவருக்காக ஜெபிக்க வேண்டும் என்றால் முதலில் அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. தம்பி திருந்தட்டும் ஆண்டவரே என்று மொத்தமாக ஒரு வரி சொல்வது சுலபம், அதில் தம்பியே இருக்க மாட்டான்.

தம்பி மனைவி கத்தோலிக்கப் பெண், எலத்தகிரிக்காரி. ஒரு வருகையின்போது அவளும் இருந்தாள். கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு இவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். நானும் பயந்தேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் வாய்ச்சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாத்தியார் அவளைப் பார்த்து, உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்கம்மா என்றார். அவள் புனித மோனிக்காவைப் பற்றிச் சொன்னாள். வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊர்க்காரர். பின்னாளில் திருச்சபையின் பெரிய அறிஞரான அவர் மகன் அகுஸ்தினார், இளவயதில் மானிக்கேய மதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார், தாய் வருஷக்கணக்கில் அழுது ஜெபித்தார். ஒரு ஆயரிடம் போய், என் பிள்ளையிடம் நீங்கள் வாதாடித் திருத்துங்கள் என்று கெஞ்ச, அவர், இப்போது வாதம் வேண்டாம், விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய், இத்தனை கண்ணீருக்குச் சொந்தமான பிள்ளை கெட்டுப்போக மாட்டான் என்று அனுப்பிவிட்டாராம். 387ஆம் வருஷம் ஈஸ்டருக்கு மிலான் நகரில் அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெற்றார், அதே வருஷம் ஊர் திரும்பும் வழியில் தாய் இறந்துபோனார். எங்கள் லுத்தரன் கோயிலில் அகுஸ்தினார் பெயர் அடிக்கடி வரும், அவர் தாய் பட்ட பாட்டை நான் இவ்வளவு விவரமாகக் கேட்டது என் தம்பி மனைவியிடம்தான். அந்த மாலை வாத்தியார் வேறு வசனம் வாசிக்கவில்லை. இதுக்கு மேல நான் என்ன சொல்ல என்று நேராக ஜெபத்துக்குப் போய்விட்டார். தனக்குப் பேச இருந்த நேரத்தை அவளுக்குக் கொடுத்த அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

விசுவாசம் பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரியில் லுத்தரன் குடும்பம் என்றால் கொஞ்சம் பெருமை உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த மிசௌரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் முதலில் காலூன்றியதே இங்கேதான், 1895இல். தியோடர் நேதர் என்ற ஜெர்மானிய மிஷனரி வந்தார், 1904இல் பிளேக் நோயில் இறந்தும் போனார். இதெல்லாம் நாங்கள் ஆண்டு விழாவில் சொல்கிற வரலாறு. ஆனால் பாட்டன் காலத்து ஞானஸ்நானச் சான்றிதழை வைத்துக்கொண்டு இன்றைக்கு ராத்திரி அம்மா கட்டில் பக்கத்தில் ஜெபிக்க முடியாது. நான் வாத்தியாரிடம் நேராகவே கேட்டேன், குணமாகும் என்று பாதி நம்பிக்கைதான் ஐயா எனக்கு இருக்கிறது, இந்த மனசோடு ஜெபித்தால் கேட்கப்படுமா என்று. அவர், மாற்கு ஒன்பதில் வலிப்பு வந்த பையனின் அப்பா சொன்னதைப் படியுங்கள் என்றார். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அந்தப் பாதி ஜெபத்துக்கும் பையன் குணமானான். இருப்பதைச் சொல்லுங்கள், இல்லாததை இருக்கிற மாதிரி நடிக்காதீர்கள் என்றார்.

கேட்டது கிடைக்காவிட்டால் என்ன என்பதையும் அவர்கள் மறைப்பதில்லை. தாவீது ஏழு நாள் தரையில் கிடந்து ஜெபித்தும் குழந்தை செத்துப்போனது, பவுல் தன்னை வருத்திய ஒரு உபாதையை உடம்பில் குத்திய முள் என்று சொல்லி மூன்று தரம் வேண்டியும் அது எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இதையெல்லாம் நோயாளி வீட்டில் சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்கு அது தெம்பாகத்தான் இருந்தது. உண்மை பேசுகிறவர்கள் என்று தெரிந்த பிறகு அவர்கள் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல மனசு வந்தது.

குறைகளும் உண்டு. நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்கள், அரை மணி முக்கால் மணி தாமதம் சகஜம், அம்மா காத்திருந்து காத்திருந்து தூங்கிப்போன நாளும் உண்டு. கூட வருகிற ஒரு தம்பிக்கு ஜெபம் ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது. மனசு நல்ல மனசு, ஆனால் பக்கவாதக்காரரால் அவ்வளவு நேரம் ஒரே பக்கமாகக் கிடக்க முடியாது, இதை அவர்களே பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாட்டு எடுத்தால் சுருதி எங்கேயோ போகும். இதை அம்மா பொறுத்துக்கொள்ளவே மாட்டார்கள், முகத்தைச் சுளித்து இடது கையால் கீழே, கீழே என்று காட்டுவார்கள், அதைப் பார்த்து நர்ஸம்மா சுருதியைக் குறைத்துப் பாடுவார். அப்புறம், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. ராத்திரி பகல் பாராமல் துடைத்து, புரட்டி, ஊட்டுகிறவர்கள் மனசு விட்டுப் பேச ஒரு கால் மணி நேரம் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். இதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

பணம் ஒரு பைசா வாங்குவதில்லை. காபிக்கு மேல் எதுவும் தொட மாட்டார்கள். பஸ் செலவுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரர் கவரை நீட்டியதற்கு, "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற வசனத்தைச் சொல்லிவிட்டு, கொடுக்கணும்னு இருந்தா உங்க தெருவுல மருந்து வாங்க முடியாதவங்க யாருன்னு பார்த்து வாங்கிக் கொடுங்க என்றார் வாத்தியார். எண்ணெய் பாட்டில், காலண்டர், பத்திரிகைச் சந்தா என்ற பேச்சே இல்லை. என் சபைக்கு வாருங்கள் என்றும் அழைத்ததில்லை. எங்கள் எதிர் வீட்டுத் தெலுங்குக்காரப் பாட்டி, கிறிஸ்தவர் இல்லை, ஒருநாள் என் மகனுக்காகவும் கேளுங்கள் என்று வந்து உட்கார்ந்தார். பாக்டரி அக்கா அவருக்குத் தெலுங்கிலேயே ஜெபித்து அனுப்பினார், வேறு பேச்சு எதுவும் எடுக்கவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு இப்போது சில வார்த்தைகள் வருகின்றன. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணின் உழைப்பு அதில் பெரிய பங்கு, அந்தப் பெண்ணை எங்களுக்குக் காட்டியதும் ஆண்டவர்தான் என்று நான் நம்புகிறேன். பேச வராத வாயில் பாட்டு கொஞ்சம் வருகிறது, தெரிந்த கீர்த்தனையில் நாம் ஒரு வரி எடுத்தால் கடைசிச் சொல்லை அம்மா முடிக்கிறார்கள். இது பக்கவாதக்காரர்களிடம் காணக்கூடியதுதான் என்று அந்தப் பெண்ணும் சொன்னாள், அதனால் வீட்டில் தினமும் பாட்டு உண்டு. தம்பி இன்னும் கோயிலுக்கு வரவில்லை. குழு வந்திருக்கும்போது அவன் இருந்தால் வெளித் திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்வான். போன தடவை மழை பிடித்துக்கொண்டது, யாரும் சொல்லாமலே நர்ஸம்மாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் ரவுண்டானா பக்கம் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். வழியில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

கூப்பிட நினைக்கிறவர்களுக்கு: கிருஷ்ணகிரியில் பழைய சபைகள் எதிலாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்கள் யார் என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள், சொல்லிவிடுவார்கள். நோயாளிக்கு எந்த நேரம் ஒத்துவரும், வீட்டில் யாருக்காவது இதில் விருப்பம் இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, விருப்பம் இல்லாதவர் இருந்தால் அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்வார்கள். மாம்பழ சீசனில் பாக்டரி வேலை ராத்திரி வரை இழுக்கும், ஆள் குறைவு, அதனால் அந்த மாசங்களில் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். காவேரிப்பட்டணத்துக்கு அந்தப்பக்கம் வீடு என்றால் திரும்பிப் போக வண்டிக்கு மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்துவிடுங்கள், இருட்டினால் அந்தப் பக்கம் பஸ் கிடைப்பது சிரமம்.